பந்தை விட்டுவிட்டுப் பாருங்கள்: அமெரிக்கன் ஃபுட்பால் ரசிக்க ஒரு வழிகாட்டி

செப்டம்பரிலிருந்து ஞாயிறு மதியம் விஸ்கான்சினில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் கூட்டம் இருக்காது. இருக்கிற சிலரும் பச்சையும் மஞ்சளுமாகச் சட்டை போட்டுக்கொண்டு, பால் முட்டையை அள்ளிக்கொண்டு கல்லாவுக்கு ஓடுவார்கள். எங்கள் மாநிலத்து அணியான கிரீன் பே பேக்கர்ஸ் ஆடும் நேரம் அது. மறுநாள் அலுவலகத்தில் பேச்சும் அதுவாகத்தான் இருக்கும்.

இங்கே புதிதாகக் குடிவரும் தோழிகள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். “அதுல அப்படி என்னதான் இருக்கு? எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழறாங்க, உடனே விளம்பரம் வந்துடுது.” அவர்கள் பார்த்ததில் பிழை இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒளிபரப்பில் பந்து உண்மையாக ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம்தான். அந்த 11 நிமிடத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது முட்டி மோதும் ஆட்டம். நடுவில் இருக்கும் நேரத்தையும் பார்க்கக் கற்றுக்கொண்டவருக்கு இதைப்போல மூளைக்கு வேலை தரும் விளையாட்டு வேறு கிடையாது. இந்த ஆட்டத்தின் மேல் எனக்கு இருக்கும் பித்துக்கு அதுதான் காரணம். ஞாயிறு மதியம் எனக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

விதிப் புத்தகத்தை முதலில் தொடாதீர்கள். அது நடுவர்களுக்கே தலைவலி. கீழே சொல்லும் வரிசையில் வாரத்துக்கு ஒரு விஷயமாகப் பழகினால் போதும். தீபாவளிக்குள் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிடுவீர்கள்.

முதல் படி: திரையின் கீழே இரண்டு எண்கள்

டிவி திரையின் அடியில் ஸ்கோர் ஓடும் பட்டையில் ‘3, 7’ என்பதுபோல இரண்டு எண்கள் சேர்ந்து நிற்கும். முதல் வாரம் முழுக்க அதை மட்டும் பாருங்கள். மூன்றாவது டவுன், இன்னும் 7 யார்டு வேண்டும் என்று அர்த்தம்.

பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். அந்த நான்குக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடி புதிதாக நான்கு டவுன். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். மைதானம் 100 யார்டு, இரு முனையிலும் 10 யார்டு ஆழத்துக்கு எண்ட் ஸோன். பத்துப் பத்தாக நகர்ந்து அங்கே போய்ச் சேருவதுதான் வேலை. ஒரு பக்கம் 11 பேர், கால் மணி நேரக் குவார்ட்டர்கள் நான்கு.

திரையில் மைதானத்தின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு தெரியும். அதைத் தாண்டினால் புது டவுன். புல்லில் அப்படி எதுவும் இல்லை. 1998 செப்டம்பரிலிருந்து கம்ப்யூட்டர் வரைந்து தரும் கோடு அது. மைதானத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் ஓரத்தில் நிற்கும் ஆரஞ்சு நிறக் கம்புகளைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதன்முறை நேரில் போகிறவர்கள் மஞ்சள் கோடு எங்கே என்று தேடுவது வழக்கம்.

இந்த இரண்டு எண்களும் பழகிவிட்டால் பதற்றம் தானாக வரும். முதல் டவுன் 10 என்றால் எதுவும் செய்யலாம், நிதானம். இரண்டாவது டவுனில் 2 யார்டு மட்டும் மீதி என்றால் அணிக்குச் சுகம். தைரியமாக நீளமாக ஒரு பந்தை எறிந்து பார்க்கலாம், தப்பினாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாவது டவுன் 12 என்றால் எறிந்தே ஆக வேண்டும் என்று மைதானத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், எதிரணிக்கும் சேர்த்து. உள்ளூர் ரசிகர்கள் காது கிழியக் கத்துவது அப்போதுதான். எதிரணி குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி எறியும் தலைமை ஆட்டக்காரர்) சொல்வது அவருடைய ஆட்களுக்கே கேட்கக் கூடாது.

இரண்டாவது படி: புள்ளிகளும் நான்காவது டவுனும்

புள்ளிகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. பந்தின் மூக்கு கோட்டைத் தொட்டாலே போதும். அதன்பின் கூடுதலாக ஓர் உதை உதைத்து 1 புள்ளியோ, ரிஸ்க் எடுத்து ஒரு டவுன் ஆடி 2 புள்ளியோ வாங்கலாம். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி. பந்து வைத்திருப்பவரை அவருடைய எண்ட் ஸோனிலேயே விழச் செய்தால் சேஃப்டி, 2 புள்ளி, அபூர்வமாகத்தான் நடக்கும்.

நான்காவது டவுன்தான் சுவாரசியம். மூன்று வழி உண்டு. பன்ட் செய்து, அதாவது பந்தை உதைத்துத் தொலைதூரத்தில் எதிரணிக்குக் கொடுத்துவிடலாம். ஃபீல்ட் கோல் முயலலாம். அல்லது துணிந்து ஆடிவிடலாம். பந்திலிருந்து கோல் கோடு வரை எத்தனை யார்டோ அதோடு 17 அல்லது 18 கூட்டினால் உதையின் தூரம் வந்துவிடும். பந்து 30 யார்டில் இருந்தால் 48 யார்டு உதை என்று வர்ணனையாளருக்கு முன்பே சொல்லிவிடலாம். வீட்டில் உங்கள் மதிப்பு உடனே ஏறும்.

முன்பெல்லாம் பயிற்சியாளர்கள் நான்காவது டவுன் என்றாலே பன்ட் செய்துவிடுவார்கள். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அதிகம் துணிகிறார்கள். ஒவ்வொரு நான்காவது டவுனிலும் ‘நானாக இருந்தால் என்ன செய்வேன்’ என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தோற்றபிறகு பயிற்சியாளரைத் திட்டும் உரிமை அப்படிச் சொன்னவர்களுக்குத்தான் உண்டு என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மூன்றாவது படி: ஓர் அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

யார் ஜெயித்தாலும் சரி என்று உட்கார்ந்தால் இந்த ஆட்டம் ஒட்டாது. அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள். நீங்கள் இருக்கும் ஊரின் அணியை எடுத்துக்கொள்வதுதான் சுலபம்; உள்ளூர் டிவியில் இலவசமாக வரும், பேசவும் ஆள் கிடைக்கும். ஊரில் அணி இல்லையென்றால் ஒரு வீரரையோ, நிறத்தையோ, ஹெல்மெட்டில் இருக்கும் படத்தையோ பார்த்து எடுத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

எனக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. விஸ்கான்சினின் மில்வாக்கியில் இருந்தால் பேக்கர்ஸ்தான். கிரீன் பே சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். இவ்வளவு சின்ன ஊருக்கு என்எஃப்எல்லில் வேறு அணியே கிடையாது. 1919இல் தொடங்கிய அணி. கோடீஸ்வர முதலாளி இல்லை. 1923இலிருந்து பங்குதாரர்களுக்குச் சொந்தம், இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கு வைத்திருக்கிறார்கள். கடைசியாக 2021இல் விற்றபோது ஒரு பங்கு 300 டாலர். லாபம் வராது, மறுபடி விற்கவும் முடியாது. ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம். அதற்கு வரிசையில் நிற்கும் ஊர் இது.

அணியை எடுத்தபின் அதன் பிரிவில் இருக்கும் மற்ற மூன்று அணிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். லீக் இரண்டு கான்ஃபரன்ஸ், ஒவ்வொன்றிலும் நான்கு பிரிவு, பிரிவுக்கு நான்கு அணி. பிரிவில் இருப்பவர்களோடு வருஷத்துக்கு இரண்டு முறை ஆட வேண்டும். வெறுப்பு அங்கேதான் வளர்கிறது. எங்களுக்கு அது சிகாகோ பேர்ஸ். 1921இலிருந்து நடக்கும் பகை.

நான்காவது படி: அந்த நாற்பது விநாடி

தண்ணீர் குடிக்க எழுந்து போகும் நேரம் என்று எல்லோரும் நினைக்கும் இடம் இது. தயவுசெய்து போகாதீர்கள்.

ஒரு டவுன் முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடி அவகாசம். அதற்குள் பயிற்சியாளர் ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்து ரேடியோ வழியாகக் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் சொல்கிறார். அந்த ஹெல்மெட்டின் பின்னால் ஒரு பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். 15 விநாடி மீதி இருக்கும்போது ரேடியோ துண்டிக்கப்படும். அதன்பிறகு குவார்ட்டர்பேக் தனி ஆள். தடுக்கும் அணியிலும் பச்சைப் புள்ளி போட்ட ஒருவர் இருப்பார். 2008இலிருந்து அவர்களுக்கும் அந்த வசதி உண்டு.

சரி, அந்த 15 விநாடியில் என்ன பார்ப்பது? கிரிக்கெட்டில் ஃபீல்டிங் நிறுத்தியிருப்பதைப் பார்த்தே அடுத்த பந்து பவுன்சர் என்று சொல்லிவிடும் மாமாக்கள் நம் வீடுகளில் உண்டு. அதே கண்தான் இங்கேயும் வேண்டும். முதலில் தடுக்கும் அணியில் கடைசியாக, வெகு பின்னால் நிற்பவர்களை எண்ணுங்கள். அவர்கள் சேஃப்டிகள் (2 புள்ளி தரும் சேஃப்டி வேறு). இரண்டு பேர் ஆழத்தில் நின்றால் நீளமாக எறிவது கடினம், நடுவில் ஓட இடம் கிடைக்கும். ஒருவர்தான் நிற்கிறார் என்றால் முன்வரிசையில் ஓர் ஆள் கூடியிருக்கிறார், ஓட்டத்தை எதிர்பார்க்கிறார்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. பந்து கைக்கு வரும் முன் ஒரு ரிசீவர், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நடந்தோ ஓடியோ போவார். இதற்கு மோஷன் என்று பெயர். சும்மா நடக்கவில்லை, அது ஒரு கேள்வி. எதிரணியில் ஒருவர் அவர் கூடவே ஓடினால் ஆளுக்கு ஆள் காவல் போட்டிருக்கிறார்கள். யாரும் கூட ஓடாமல் கொஞ்சம் நகர்ந்து மட்டும் நின்றால் இடத்துக்கு இடம் காவல். குவார்ட்டர்பேக் அதைப் பார்த்துவிட்டுத்தான் திட்டத்தை மாற்றுவதும் வைத்துக்கொள்வதும். எதிரணியும் சளைத்ததல்ல, ஒன்றைக் காட்டிவிட்டுக் கடைசி நொடியில் வேறொன்றுக்கு மாறும். குவார்ட்டர்பேக் கையை ஆட்டிக் கத்துவதெல்லாம் இதற்காகத்தான். சில கத்தல்கள் வெறும் நடிப்பு.

இதை ஒரே வாரத்தில் பிடிக்க முடியாது. ஒரு குவார்ட்டரில் மோஷனை மட்டும் பாருங்கள், அடுத்ததில் சேஃப்டிகளை மட்டும். டிவிக் கேமரா சேஃப்டிகளைப் பல நேரம் காட்டாது, அதுதான் எரிச்சல். ரீப்ளேயில் மேலிருந்து காட்டும்போது கவனித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது படி: ஐந்து பெரிய ஆட்கள்

இப்போது பந்தை மறந்துவிடுங்கள். பந்துக்கு முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து பேரைப் பாருங்கள். நடுவில் சென்டர், அவர் இரு பக்கமும் கார்டு, கடைசியில் டாக்கிள். பெரும்பாலும் ஒவ்வொருவரும் 136 கிலோவுக்கு மேல். இவர்கள் பந்தைத் தொடுவது அபூர்வம் (சென்டர் மட்டும் கால்களுக்கு இடையே பின்னால் தள்ளிவிடுவார், அதுதான் ஸ்னாப்). இவர்கள் பெயர் ஸ்கோர்கார்டில் வராது. ஆட்டத்தை நடத்துவது இவர்கள்தான்.

ஸ்னாப் ஆன நொடியில் இவர்கள் முன்னால் பாய்ந்து இடித்தால் ஓட்டம் வரப்போகிறது. எழுந்து நின்று பின்வாங்கினால் பாஸ், அதாவது பந்தை எறியப் போகிறார்கள். குவார்ட்டர்பேக்கையோ பந்தையோ பார்க்காமலே அரை விநாடியில் தெரிந்துவிடும். எதிரணியின் லைன்பேக்கர்களும் (தடுப்பு வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிற்பவர்கள்) இதைத்தான் படிக்கிறார்கள். அதனால்தான் பிளே ஆக்‌ஷன் என்று ஒரு ஏமாற்று வேலை உண்டு: ஐவரும் ஓட்டத்துக்கு இடிப்பதுபோல முன்னால் போவார்கள், குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கிடம் (பந்தோடு ஓடுபவர்) கொடுப்பதுபோல நீட்டுவார், லைன்பேக்கர்கள் ஓடி வந்தவுடன் அவர்கள் விட்டுவந்த இடத்துக்குப் பந்தை எறிந்துவிடுவார். முதன்முறை இது நடப்பதை நீங்களே பிடித்துவிட்டால் அன்றைக்கு உங்களுக்கும் பித்துப் பிடித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐவரில் ஒருவர் தன் இடத்தை விட்டுப் பக்கவாட்டில் ஓடினால் பந்தும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும். வலது கைக் குவார்ட்டர்பேக்குக்கு இடது டாக்கிள் முக்கியம். எறியத் திரும்பும்போது முதுகுப் பக்கத்தைக் காப்பவர் அவர். அந்த இடத்தில் ஆடுபவர்களுக்குப் பெரிய சம்பளம் கிடைப்பது சும்மா இல்லை.

பேக்கர்ஸ் வரலாற்றிலேயே புகழ்பெற்ற ஆட்டம் 1967 டிசம்பர் 31 அன்று நடந்தது. ஐஸ் பௌல் என்று பெயர். வெப்பநிலை மைனஸ் 25 செல்சியஸ். நடுவரின் உலோக விசில் உதட்டில் ஒட்டிக்கொண்டு, மீதி ஆட்டத்தை வாயால் கத்தியே நடத்தினார்கள். டல்லாஸ் கவ்பாய்ஸ் 17, பேக்கர்ஸ் 14. கடைசி 16 விநாடி, கோல் கோடு எட்டும் தூரம், டைம்அவுட் (கடிகாரத்தை நிறுத்தக் கேட்கும் வாய்ப்பு) எல்லாம் தீர்ந்துவிட்டது. ஃபீல்ட் கோல் அடித்துச் சமன் செய்திருக்கலாம். குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் தானே பந்தோடு பாய்ந்து டச்டவுன் போட்டார், 21-17. அந்தப் பழைய படத்தைத் தேடிப் பாருங்கள், ஆனால் ஸ்டாரைப் பார்க்காதீர்கள். அவருக்கு முன்னால் வலது கார்டு ஜெர்ரி கிரேமர், சென்டரோடு சேர்ந்து, எதிராளியை எப்படிப் பெயர்த்துத் தள்ளுகிறார் என்று பாருங்கள்.

ஆறாவது படி: மஞ்சள் துணி

நடுவர் மஞ்சள் துணியை வீசினால் யாரோ தவறு செய்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஸ்னாப்புக்கு முன் அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட், 5 யார்டு பின்னால். பந்து வைத்திருக்கும் அணி எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தால் ஹோல்டிங், 10 யார்டு. பந்து எறிந்த குவார்ட்டர்பேக்கைத் தாமதமாக இடித்தால் 15 யார்டு. ரிசீவர் பந்தைப் பிடிக்கும் முன் தடுப்பவர் அவரை இடித்தால் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ்; தவறு எங்கே நடந்ததோ அங்கேயே பந்து போகும், 40 யார்டானாலும் சரி. ஒரு பருவத்தின் விதியே சில நேரம் அதில் மாறிவிடும். இந்த நான்கு தெரிந்தால் முக்கால்வாசிப் புலம்பல் புரிந்துவிடும். சிவப்புத் துணி பயிற்சியாளர் எறிவது: ‘ரீப்ளே பாருங்கள், எனக்கு உடன்பாடில்லை’ என்று பொருள்.

ஏழாவது படி: கடிகாரம்

கடைசி இரண்டு நிமிடம் அரை மணி நேரம் ஓடும் என்று கிண்டல் செய்வார்கள். ஓடட்டும். பாஸ் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். ஆட்ட முடிவு நெருங்கும்போது பந்தோடு கோட்டுக்கு வெளியே போனாலும் நிற்கும். ஒவ்வொரு பாதியிலும் மூன்று டைம்அவுட். பின்தங்கிய அணி ஓரமாகவே எறிந்து எறிந்து நேரத்தை மிச்சப்படுத்தும். முன்னிலையில் இருப்பவர்கள் நடுவிலேயே ஓடி நேரத்தைத் தின்பார்கள்.

ஜெயிக்கிற அணியின் குவார்ட்டர்பேக் கடைசியில் பந்தை வாங்கி முட்டி போட்டு உட்காருவது புதியவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். 1978 நவம்பரில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அப்படி உட்காராமல் பந்தைக் கைமாற்றப் போய், அது நழுவி, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் ஹெர்ம் எட்வர்ட்ஸ் எடுத்து ஓடி டச்டவுன் போட்டு ஆட்டத்தையே பறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு முட்டி போட யாரும் வெட்கப்படுவதில்லை.

பாதி ஆட்டத்தில் டிவியை அணைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று: 2017 பிப்ரவரி சூப்பர் பௌலில், அதாவது பருவத்தின் இறுதிப் போட்டியில், அட்லாண்டா 28-3 என்று முன்னிலையில் இருந்தது. நியூ இங்கிலாந்து 34-28 என்று ஜெயித்தது.

எங்கே, எப்போது

வழக்கமான பருவம் செப்டம்பரிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை, 18 வாரத்தில் அணிக்கு 17 ஆட்டம். பிறகு 14 அணிகள் பிளேஆஃப், தோற்றால் வீடு. பிப்ரவரியில் சூப்பர் பௌல். ஞாயிறுதான் பெரிய நாள். எங்கள் நேரப்படி மதியம் 12, மாலை 3 மணிக்கு மேல், இரவு 7:20. வியாழன் இரவும் திங்கள் இரவும் ஒன்றிரண்டு உண்டு. நவம்பரில் தாங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமை டெட்ராய்ட், டல்லாஸ் இரண்டும் தத்தம் ஊரில் ஆடுவது மரபு. இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு எங்கள் மதிய ஆட்டம் இரவு 10:30க்கு, நவம்பரில் இங்கே கடிகாரம் மாறியபின் 11:30க்கு வரும்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் அவசரப்பட்டுச் சந்தா எதுவும் வாங்க வேண்டாம். சாதாரண ஆன்டெனா ஒன்று போதும். சிபிஎஸ், ஃபாக்ஸ், என்பிசி மூன்றும் காற்றிலேயே வருகின்றன. வியாழன் ஆட்டம் அமேசானில் வந்தாலும், ஆடும் அணிகளின் சொந்த ஊர்களில் ஏதாவது ஓர் உள்ளூர் சானலும் காட்டும்.

எல்லா ஆட்டத்தையும் துள்ளித் துள்ளிக் காட்டும் ரெட்ஸோன் சானலை முதல் வருஷம் தொடாதீர்கள். அது டச்டவுன்களை மட்டும் ஊட்டிவிடும். அந்த நாற்பது விநாடி அதில் இருக்காது. பல அணி வீரர்களைப் பொறுக்கிக் கற்பனை அணி கட்டிப் புள்ளி சேர்க்கும் ஃபான்டசி ஃபுட்பாலும் அப்படித்தான். சொந்த அணி தோற்கும்போது எதிரணி வீரர் உங்களுக்குப் புள்ளி சேர்த்துக் கொடுத்தார் என்று சந்தோஷப்படும் நிலைமை புதியவர்களுக்குத் தேவையில்லை.

“நீங்க நிஜமாவே பார்ப்பீங்களா?”

பேக்கர்ஸ் சட்டையோடு ஒரு பெண் விருந்துக்குப் போனால் யாராவது ஒருவர் தேர்வு வைப்பார். ‘அப்படியா, எங்கே, குவார்ட்டர்பேக் பேர் சொல்லுங்க பார்க்கலாம்.’ கணவருக்காகப் பார்க்கிறாள் என்ற முடிவோடு வருகிற கேள்வி அது. நான் பதில் சொல்வதில்லை. ‘போன வாரம் நம்ம இடது டாக்கிள் எப்படி ஆடினார்னு நினைக்கிறீங்க?’ என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பேச்சு அங்கே நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் இன்னும் நல்லது, பேசத் தகுந்த ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

என்எஃப்எல் ரசிகர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள் என்று லீக்கே சொல்கிறது. ஆனால் பெண்களுக்கென்று கடையில் தொங்கியதெல்லாம் பல வருஷம் ரோஸ் நிறச் சட்டைதான். அணியின் நிறத்தில் வாங்குங்கள். 2023இல் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் கான்சாஸ் சிட்டி அணியின் ஆட்டங்களுக்கு வருகிறார் என்று டிவி போட்ட பெண்களைப் பலர் ஏளனம் செய்தார்கள். எந்த வாசலில் நுழைந்தால் என்ன? அப்படித் தொடங்கி இன்று மூன்றாவது டவுனில் பிளிட்ஸ் (குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கக் கூடுதல் ஆட்கள் பாய்வது) வருகிறது என்று முன்கூட்டிக் கத்தும் பெண்களை எனக்குத் தெரியும்.

களத்திலும் இப்போது பெண்கள் உண்டு. சாரா தாமஸ் 2015இல் லீக்கின் முதல் முழுநேரப் பெண் நடுவரானார். 2021 பிப்ரவரியில் சூப்பர் பௌலிலும் நின்றார். அதே ஆட்டத்தில் வென்ற டாம்பா பே அணியின் பயிற்சியாளர் குழுவில் லோரி லோகஸ்ட், மாரல் ஜவாதிஃபார் என்று இரண்டு பெண்கள். லோகஸ்ட் கவனித்துக்கொண்டது தடுப்பு வரிசையை, நான் பார்க்கச் சொன்ன ஐவரை உடைக்கும் ஆட்களை. பேர்ஸ் எங்களுக்குப் பரம எதிரி என்றாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: அந்த அணியை 1983இலிருந்து வைத்திருந்தவர் அதன் நிறுவனர் ஜார்ஜ் ஹாலஸின் மகள் வர்ஜீனியா மெக்காஸ்கி. 2025 பிப்ரவரியில் 102 வயதில் காலமானார்.

இந்த ஆட்டத்தைப் பிடிக்கும் என்று சொல்கிறவர் அதன் விலையையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தலையில் படும் தொடர் அடிகளுக்கும் மூளைச் சிதைவு நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை 2016இல் லீக்கின் உயர் அதிகாரி ஒருவரே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார். ஒரு வீரர் எழுந்திருக்கத் தாமதமானால் எங்கள் வீட்டில் டிவி முன்னால் யாரும் பேச மாட்டோம். என் பிள்ளை ஹெல்மெட் போட்டு ஆட வேண்டும் என்று கேட்டால் சம்மதிக்க மாட்டேன். முரண்தான், மறைக்கவில்லை.

நேரில் போகும்போது

டிக்கெட் வாங்கியதும் பையைக் கவனியுங்கள். 2013இலிருந்து எல்லா என்எஃப்எல் மைதானங்களிலும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை மட்டும்தான். 12 அங்குலத்துக்கு 12, அகலம் 6. அதோடு கையளவு சின்னப் பர்ஸ் ஒன்று, சுமார் 4.5 அங்குலத்துக்கு 6.5. வழக்கமான கைப்பையோடு போனால் காருக்குத் திரும்பி நடக்க வேண்டும். இந்த விதியைப் போட்டவர்கள் கைப்பை தூக்காதவர்கள் என்பது என் திடமான எண்ணம்.

சில மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வாகன நிறுத்தத்தில் டெய்ல்கேட் நடக்கும்: கார் டிக்கியைத் திறந்து, அடுப்பு வைத்து, பிராட்வர்ஸ்ட் சாசேஜ் சுட்டு, முன்பின் தெரியாதவர்களுக்கும் நீட்டுவார்கள். சைவம் என்றால் நீங்களே கொண்டுபோவது நல்லது. மசாலா தடவிய சோளக்கதிரும் பனீர் டிக்காவும் கரியடுப்பில் வைத்துப் பாருங்கள், சுற்றியிருப்பவர்கள் தட்டோடு வந்து நிற்பார்கள்.

கிரீன் பேயின் லாம்போ ஃபீல்டில் 81,000க்கு மேல் இருக்கைகள். பெரும்பாலானவை சாய்மானம் இல்லாத அலுமினிய பெஞ்ச். உட்கார ஒரு மெத்தைத் துண்டு அவசியம். டிசம்பரில் போனால் அட்டைப் பெட்டியைக் கிழித்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போய்ச் சிமெண்டுத் தரையில் போட்டு, அதன்மேல் காலை வையுங்கள். குளிர் ஏறுவது அடியிலிருந்துதான். எவ்வளவு விலையுயர்ந்த பூட்ஸ் போட்டாலும் இந்த அட்டைக்கு ஈடில்லை. உள்ளே கம்பளி, அதன்மேல் இன்னொன்று, வெளியே காற்று புகாத கோட். ஜெர்ஸியை எல்லாவற்றுக்கும் மேல் மாட்டிக்கொள்வதால் இங்கே எல்லோரும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார்கள்.

இருக்கை எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. முன்வரிசைக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். அங்கிருந்து முதுகுகள்தான் தெரியும். உச்சியில் எண்ட் ஸோன் பக்கம் உட்கார்ந்தால் டிவி காட்டாத சேஃப்டிகள், ஐவர் திறக்கும் இடைவெளி, மோஷன் எல்லாம் 22 பேரோடு ஒரே பார்வையில் விரியும். அதுவே விலை குறைந்த டிக்கெட்டும்கூட.

என்எஃப்எல் டிக்கெட் கட்டுப்படியாகவில்லை என்றால் வெள்ளிக்கிழமை இரவு பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஆட்டத்துக்குப் போங்கள். சில டாலர்தான் ஆகும், ஐவர் இடிக்கும் சத்தம் காதில் விழும். பல மாநிலங்களில் மாணவிகளுக்கு ஃப்ளாக் ஃபுட்பால் அதிகாரப்பூர்வப் பள்ளி விளையாட்டாகிவிட்டது; இடிப்பது கிடையாது, இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் ஆள் அவுட். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் அது வருகிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, ஒரு பக்கம் ஐந்து பேர். என் மகள் ஆடக் கேட்டது அதைத்தான், சரி என்று சொல்லிவிட்டேன்.